கடை ரவுட்டரில் திறந்து கிடக்கும் கதவுகள்: வணிகச் சகோதரர்களின் கவனத்திற்கு

 

இன்று நம் ஊர்களில் ஜவுளிக்கடை, மளிகைக்கடை, மருந்துக்கடை எதுவானாலும் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய பெட்டி விளக்கு மினுங்கிக்கொண்டிருக்கிறது. அதுதான் ரவுட்டர். பில் போடும் கணினி, சிசிடிவி கேமராக்களின் டிவிஆர், கார்டு ஸ்வைப் மெஷின், பிரிண்டர், வேலை செய்யும் பிள்ளைகளின் போன்கள் எல்லாம் இந்த ஒரு பெட்டியில்தான் இணைந்திருக்கின்றன. ஷட்டருக்கு இரண்டு பூட்டுப் போட்டு இழுத்தும் பார்க்கும் நாம், இந்தப் பெட்டி வழியாக யார் உள்ளே வரலாம் என்பதை ஒருமுறைகூடப் பார்ப்பதில்லை. அதை அமைத்துக் கொடுத்தவர் கேபிள் இழுத்த தம்பி. கடவுச்சொல்லும் அவருக்கு மட்டும்தான் தெரியும்.

"நம் சின்னக் கடையை யார் குறிவைக்கப் போகிறார்கள்?" என்று பலர் கேட்கிறார்கள். அதற்கான பதிலையும், ஒரு மாலை நேரத்தில் நாமே செய்துகொள்ளக்கூடிய சில மாற்றங்களையும் இக்கட்டுரையில் பார்ப்போம்.

போர்ட் என்றால் என்ன? ஃபயர்வால் என்றால் என்ன?

இணையத்தில் நம் கடைக்கு ஒரு முகவரி உண்டு. அதை ஐபி முகவரி என்கிறோம். அந்த முகவரியை ஒரு கட்டடம் என்று வைத்துக்கொண்டால், போர்ட் என்பது அக்கட்டடத்தின் கதவு எண். 1 முதல் 65535 வரை கதவுகள் உண்டு. ஒவ்வொரு வேலைக்கும் வழக்கமான ஒரு கதவு இருக்கிறது. நாம் பார்க்கும் இணையப் பக்கங்கள் 80, 443 ஆகிய எண்களில் வருகின்றன. வேறு இடத்திலிருந்து விண்டோஸ் கணினியை இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப் 3389-இல் இயங்குகிறது.

ஃபயர்வால் இந்தக் கட்டடத்தின் காவலாளி. உள்ளேயிருந்து நாம் ஒன்றைக் கேட்டனுப்பினால், அதற்கு வரும் பதிலை உள்ளே விடுவார். நாம் கூப்பிடாமல் வெளியிலிருந்து கதவைத் தட்டுபவரைத் திருப்பி அனுப்பிவிடுவார். கடைகளில் நாம் வாங்கும் பெரும்பாலான ரவுட்டர்கள் பெட்டியைப் பிரிக்கும்போது இப்படித்தான் இருக்கும். அதாவது, ஆரம்பத்தில் எல்லாக் கதவும் மூடியே இருக்கிறது. பிறகு நம் தேவைக்காக, பெரும்பாலும் நமக்கே தெரியாமல், யாரோ திறந்து வைக்கிறார்கள்.

கதவு திறக்கப்படும் நான்கு வழிகள்

முதலாவது, போர்ட் ஃபார்வர்டிங். சில ரவுட்டர்களில் இதற்கு 'விர்ச்சுவல் சர்வர்' என்று பெயர். "வெளியிலிருந்து இந்த எண்ணில் யார் தட்டினாலும் உள்ளே இந்தக் கருவியிடம் அனுப்பு" என்று ரவுட்டருக்குக் கொடுக்கும் உத்தரவு இது. துபாயிலிருந்தோ ரியாத்திலிருந்தோ கடைக் கேமராவைப் பார்க்க வேண்டும் என்று நாம் கேட்கும்போது, கேமரா மாட்டுபவர் செய்வது பெரும்பாலும் இதைத்தான்.

இரண்டாவது, டிஎம்இசட். எந்தக் கதவு தேவை என்று தெரியாதபோது, வேறு விதியில் சேராத அத்தனை கதவுகளையும் ஒரே கருவியை நோக்கித் திறந்துவிடுவது. அவசரத்தில் வேலையை முடிக்க நினைப்பவர்கள் செய்யும் குறுக்குவழி.

மூன்றாவது, யுபிஎன்பி. இது இயக்கத்தில் இருந்தால், உள்ளே இருக்கும் எந்தக் கருவியும் நம்மைக் கேட்காமல் தனக்கு வேண்டிய கதவைத் தானே திறந்துகொள்ளும்.

நான்காவது, ரிமோட் மேனேஜ்மென்ட். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தையே உலகின் எந்த மூலையிலிருந்தும் திறக்க விடுவது. வீட்டுச் சாவியை வாசலில் தொங்கவிடுவதற்குச் சமம்.

சின்னக் கடையை யார் தேடுவார்கள்?

யாரும் நம் கடையைப் பெயர் சொல்லித் தேடுவதில்லை. தேடுபவை கணினி நிரல்கள். வழக்கமான ஐபி முகவரிகள் மொத்தம் சுமார் 430 கோடி. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட 'இசட்மேப்' என்ற நிரல், அந்த முகவரிகள் அனைத்திலும் ஒரு குறிப்பிட்ட கதவு திறந்திருக்கிறதா என்பதை 45 நிமிடத்துக்குள் ஒரே கணினியிலிருந்து சோதித்துவிடக்கூடியது. திறந்திருக்கும் கருவிகளைப் பட்டியலிட்டுக் காட்டும் 'ஷோடான்' என்ற தேடுதளம் 2009 முதலே இருக்கிறது. ஆகவே இன்று ஒரு கதவைத் திறந்தால், யாராவது வந்து தட்டுவதற்கு நெடுநாள் காத்திருக்க வேண்டியதில்லை. கடை சிறியதா பெரியதா என்று அந்த நிரல் பார்ப்பதில்லை.

2016-இல் பரவிய 'மிராய்' என்ற தீநிரல் இதற்கு நல்ல உதாரணம். தொழிற்சாலையிலேயே வைத்து அனுப்பப்படும் பயனர்பெயர், கடவுச்சொற்களில் அறுபதுக்கும் மேற்பட்ட ஜோடிகளை மட்டும் வைத்துக்கொண்டு கேமராக்கள், டிவிஆர்கள், ரவுட்டர்கள் என்று லட்சக்கணக்கான கருவிகளை அது கைப்பற்றியது. அந்தக் கருவிகளை ஏவி அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று 'டின்' என்ற நிறுவனத்தைத் தாக்கியபோது ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் பல மணி நேரம் முடங்கின. ஏதோ ஒரு கடையின் டிவிஆர் உரிமையாளருக்கே தெரியாமல் குற்றத்துக்குத் துணைபோனது.

கடவுச்சொல் பலமாக இருந்தால் போதுமா? போதாது. 2021 செப்டம்பரில் ஹிக்விஷன் நிறுவனமே தன் கேமரா மாடல்கள் பலவற்றில், கடவுச்சொல் இல்லாமலே உள்ளே நுழைய வழிவிடும் பெரும் குறை இருப்பதை அறிவித்துத் திருத்தம் வெளியிட்டது. 2019 மே மாதம் ரிமோட் டெஸ்க்டாப்பிலும் அத்தகைய குறை கண்டுபிடிக்கப்பட்டு மைக்ரோசாஃப்ட் அவசரத் திருத்தம் தந்தது. கதவு மூடியிருந்தவர்களை வெளியிலிருந்து வருபவர்கள் அந்தக் குறை வழியாக நெருங்க முடியவில்லை. திறந்து வைத்திருந்தவர்கள்தான் ஆபத்தில் இருந்தார்கள்.

இழப்பு பணம் மட்டுமல்ல

3389 திறந்திருக்கும் கணினிக்குள் நுழைபவர்கள் பெரும்பாலும் செய்வது, எல்லாக் கோப்புகளையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்பது. ஒரு வியாபாரிக்கு இதில் போவது அவருடைய கணக்கு மட்டுமா? யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும், யாரிடமிருந்து வர வேண்டும், கூட்டாளியின் பங்கு என்ன, ஜகாத் கணக்கிட வேண்டிய சரக்கு இருப்பு எவ்வளவு என்ற அத்தனையும் அதில் இருக்கிறது. மக்களின் ஹக்கு அந்தக் கணினியில் இருக்கிறது. கடன் எழுதிவைத்த ஏடு அழிந்தாலும் கடன் அழிவதில்லை.

அதைவிடக் கனமானது மானம். 2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட் நகரில், ஒரு மகப்பேறு மருத்துவமனையில் பெண்கள் பரிசோதிக்கப்படும் சிசிடிவி காட்சிகள் யூடியூபிலும் டெலிகிராமிலும் வெளிவந்து நாட்டையே அதிர வைத்தன. போலீசார் பல மாநிலங்களில் ஆட்களைக் கைது செய்தார்கள். கேமரா அமைப்பின் எளிய கடவுச்சொல் மாற்றப்படாமல் இருந்ததே வாசலாக அமைந்தது என்று செய்திகள் வெளியாயின.

நம் நிலையைச் சற்று யோசித்துப் பாருங்கள். ஜவுளிக்கடையில் பெண்கள் பகுதியில் கேமரா இருக்கிறது. நிஸ்வான் மதரஸாவின் வராந்தாவில் இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் வாப்பா பார்ப்பதற்காக வீட்டுக் கூடத்திலும் இருக்கிறது. பிறர் வீட்டுக்குள் ஸலாம் சொல்லி அனுமதி பெற்ற பிறகே நுழைய வேண்டும் என்று குர்ஆன் அந்நூர் அத்தியாயத்தில் கற்றுத் தருகிறது. அடுத்தவர் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதை நபி (ஸல்) அவர்கள் வன்மையாகக் கண்டித்திருக்கிறார்கள். பார்ப்பவர் மீது குற்றம் இருப்பது உண்மைதான். ஆனால் கேமராவை மாட்டிக் கதவைத் திறந்து வைத்த நமக்கும் பொறுப்பு இருக்கிறதல்லவா?

இப்போது ரவுட்டரைத் திறப்போம்

கடையில் கூட்டம் இல்லாத நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளில் அதன் உள் முகவரி இருக்கும். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று இருக்கும். கடையின் வைஃபையில் இணைந்த கணினியில் உலாவியைத் திறந்து அந்த எண்ணை அடித்தால் உள்நுழைவுப் பக்கம் வரும். கடவுச்சொல் தெரியாவிட்டால் இணைப்புக் கொடுத்த நிறுவனத்திடம் கேளுங்கள். இணைப்பு நம் பெயரில். கேட்க நமக்கு உரிமை உண்டு.

1. முதலில் அட்மின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். இது வைஃபை கடவுச்சொல்லிலிருந்து வேறுபட்டதாக இருக்கட்டும். கடைப் பெயர், போன் எண், பிள்ளைகளின் பெயர் வேண்டாம். ஒரு தாளில் எழுதி வீட்டில் பத்திரமாக வையுங்கள்.

2. எதையும் மாற்றுவதற்கு முன் இப்போதுள்ள அமைப்புகளைப் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். 'பேக்கப்' என்ற வசதி இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள். ஏதாவது வேலை நின்றுபோனால் பழையபடி வைத்துக்கொள்ளலாம்.

3. போர்ட் ஃபார்வர்டிங் பகுதிக்குச் செல்லுங்கள். 'அட்வான்ஸ்டு' அல்லது 'நாட்' என்ற தலைப்பின் கீழ் இருக்கும். ஒவ்வொரு வரியிலும் வெளிக் கதவு எண், உள்ளே இருக்கும் கருவியின் முகவரி, உள் கதவு எண் ஆகியவை இருக்கும். அந்த எண்களை இப்படிப் புரிந்துகொள்ளலாம்:

- 80, 443: பெரும்பாலும் டிவிஆரின் அமைப்புப் பக்கம்
- 554: கேமராவின் நேரடிக் காட்சி
- 8000: ஹிக்விஷன் டிவிஆர்
- 37777: டாஹுவா டிவிஆர்
- 3389: விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்
- 445: கணினிகளுக்கிடையே கோப்புகளைப் பகிர்வது
- 1433: சில பில்லிங் மென்பொருள்களின் தரவுத்தளம்
- 22, 23: கருவிகளைத் தொலைவிலிருந்து கட்டளையிட்டு இயக்குவது
- 9100: பிரிண்டர்

இவற்றில் 3389, 445, 1433, 23 ஆகியவை வெளியுலகுக்குத் திறந்திருக்கவே கூடாது. 2017 மே மாதம் சுமார் 150 நாடுகளில் பரவிய 'வானாக்ரை' 445 வழியாகவே கணினிக்குக் கணினி தாவியது. மற்ற வரிகளில், "இது எதற்கு?" என்று கேட்டால் யாரும் பதில் சொல்ல முடியாதவற்றை நிறுத்தி வையுங்கள். உடனே அழிக்க வேண்டாம். ஒரு வாரம் எந்த வேலையும் தடைபடாவிட்டால் பிறகு அழித்துவிடலாம்.

3389-க்குப் பதிலாக வேறு எண்ணை வைத்தால் பாதுகாப்பு என்று சிலர் சொல்வார்கள். கதவின் எண் பலகையை மாற்றுவதால் பூட்டு வந்துவிடாது. எல்லாக் கதவையும் தட்டிப் பார்க்கும் நிரலுக்கு எண் ஒரு தடையே இல்லை.

4. டிஎம்இசட், யுபிஎன்பி, ரிமோட் மேனேஜ்மென்ட் மூன்றையும் அணையுங்கள். சாதாரணக் கடை வியாபாரத்துக்கு இவை தேவைப்படுவதில்லை.

5. ஃபயர்வால் இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஐபிவி6 என்ற புதிய வகை முகவரிக்குத் தனி ஃபயர்வால் பகுதி இருந்தால் அதையும் பார்க்க மறக்காதீர்கள். புதிய வகையில் கடைக்குள் இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் உலகெங்கும் செல்லுபடியாகும் தனி முகவரி கிடைக்கலாம். அப்போது காவலாளி விடுப்பில் இருந்தால் ஒவ்வொரு கருவியும் நேரடியாக வீதியில் நிற்பதற்குச் சமம்.

6. ரவுட்டர், டிவிஆர் இரண்டின் மென்பொருளையும் புதுப்பியுங்கள். பழைய மாடல், நிறுவனம் திருத்தம் தருவதை நிறுத்திவிட்டது என்றால், மாற்றும் செலவைக் கடைப் பூட்டுக்கான செலவாக நினைத்துக்கொள்ளுங்கள்.

7. 'கெஸ்ட்' வைஃபையை இயக்கி, வாடிக்கையாளர்களுக்கும் வேலையாட்களின் போன்களுக்கும் அதை மட்டும் கொடுங்கள். அதிலிருந்து பில்லிங் கணினியையும் டிவிஆரையும் அணுக முடியாதபடி ரவுட்டரே பிரித்துவிடும். வெளியிலிருந்து கேமராவைப் பார்க்கும் தேவை இல்லையென்றால், டிவிஆர் இணையத்துக்குப் போகாதபடி 'ஆக்சஸ் கண்ட்ரோல்' பகுதியில் தடுத்துவிடலாம். கடைக்குள் பதிவாவதற்கு இணையம் தேவையில்லை.

வெளிநாட்டிலிருந்து கேமராவைப் பார்க்க என்ன வழி?

நம் சமுதாயத்தில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். இரண்டு நல்ல வழிகள் உண்டு.

ஒன்று, கேமரா நிறுவனத்தின் செயலி. டிவிஆர் தானாகவே வெளியே சென்று நிறுவனத்தின் சர்வரோடு தொடர்புகொள்ளும். நம் போனும் அங்கே சென்று சேரும். ரவுட்டரில் கதவு எதுவும் திறக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த நிறுவனத்தை நம்ப வேண்டியிருக்கிறது. செயலியின் கணக்கு கேமரா மாட்டியவரின் போன் எண்ணில் இல்லாமல் உங்கள் எண்ணில் இருக்கட்டும். ஓடிபி கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பு இருந்தால் அதை இயக்குங்கள்.

மற்றொன்று, விபிஎன். சிறு தொழிலுக்கான ரவுட்டர்கள் பலவற்றில் ஓபன்விபிஎன் அல்லது வயர்கார்டு வசதி உள்ளேயே இருக்கிறது. உரிய சாவிக் கோப்பு உள்ள போனோ கணினியோ மட்டுமே கடையின் உள்வலைக்குள் வர முடியும். பல கதவுகளைத் திறப்பதற்குப் பதிலாக ஒரே ஒரு கதவு. வயர்கார்டின் வழக்கமான எண் 51820. சாவி இல்லாமல் தட்டுபவருக்கு அது பதிலே தருவதில்லை. கணக்குப் பிள்ளையோ ஆடிட்டர் அலுவலகமோ கடைக் கணினியில் வேலை செய்ய வேண்டுமென்றாலும் இதுவே சரியான வழி.

வளைகுடா நாடுகளில் வாழும் சகோதரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தில் குற்றச் செயலுக்கோ, அதை மறைப்பதற்கோ விபிஎன் பயன்படுத்துவது கடுமையான தண்டனைக்குரியது. எனவே இருக்கும் நாட்டின் சட்டத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் கேமரா நிறுவனத்தின் செயலியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

எனிடெஸ்க் போன்ற செயலிகளுக்கும் கதவு திறக்கத் தேவையில்லை. ஆனால் வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று சொல்லி அதன் எண்ணைக் கேட்பவர்களுக்கு ஒருபோதும் கொடுக்காதீர்கள்.

போர்ட் ஃபார்வர்டிங் தவிர வேறு வழியே இல்லையென்றால், தேவையான ஒரே எண்ணை மட்டும் திறங்கள். 'டிஹெச்சிபி ரிசர்வேஷன்' மூலம் டிவிஆருக்கு நிலையான உள் முகவரி கொடுங்கள். இல்லாவிட்டால் மின்சாரம் போய் வந்த பிறகு அந்த முகவரி வேறு கருவிக்குப் போய், கதவு தவறான இடத்துக்குத் திறக்கும். கிளைக் கடைக்கு நிலையான ஐபி இருந்தால், அந்த முகவரியிலிருந்து வருபவரை மட்டும் அனுமதிக்கும்படி விதியைச் சுருக்கலாம்.

சரியாக மூடியிருக்கிறதா?

போனில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் சோதியுங்கள். கடையின் வெளி ஐபி முகவரியை உலாவியில் அடித்தால் டிவிஆர் பக்கமோ ரவுட்டர் பக்கமோ வரக் கூடாது. கடை வைஃபையில் இருந்தபடி சோதித்தால் சரியான விடை கிடைக்காது. போர்ட் சோதிக்கும் இணையதளங்களைக் கடைக் கணினியில் திறந்து 3389, 8000 போன்ற எண்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

இன்னொன்று. ரவுட்டரில் 'வான்' என்ற பகுதியில் காட்டும் முகவரி 100.64 முதல் 100.127 வரை உள்ள எண்களில் தொடங்கினால், நிறுவனம் ஒரே வெளி முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுத்திருக்கிறது என்று பொருள். அப்போது போர்ட் ஃபார்வர்டிங் வேலை செய்யாது. நாமே கடையில் அமைக்கும் விபிஎன்னுக்கும் வெளியிலிருந்து வழி கிடைக்காது. கேமரா மாட்டுபவர் அதற்காக டிஎம்இசட்டைத் திறந்தும் பயனில்லை. நிறுவனத்தின் செயலியைப் பயன்படுத்துங்கள்; அல்லது இணைப்பு நிறுவனத்திடம் நிலையான ஐபி கேட்டு வாங்குங்கள்.

அமானிதமும் கடவுச்சொல்லும்

தொழில்நுட்பத்தால் மட்டும் மூட முடியாத கதவுகளும் உண்டு. கேமரா மாட்டிய சகோதரர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் பத்துக் கடைகளுக்கு ஒரே கடவுச்சொல்லை அவர் வைத்திருந்தால், ஒன்று வெளியானால் பத்தும் போயிற்று. வேலை முடிந்ததும் அவர் முன்னிலையிலேயே கடவுச்சொல்லை மாற்றுங்கள். இதில் சங்கடப்பட ஒன்றுமில்லை. அவருக்கும் அது பாதுகாப்புதான். இத்தொழிலில் இருக்கும் நம் இளைஞர்களும் திறந்த கதவுகளின் பட்டியலை ஒரு தாளில் எழுதி வாடிக்கையாளரிடம் கொடுப்பதை வழக்கமாக்கிக்கொள்ளலாம். வேலையாள் விலகும்போது கடைச் சாவியை வாங்குவதுபோல வைஃபை, டிவிஆர் கடவுச்சொற்களையும் மாற்றுங்கள்.

படுக்கையறை, உடை மாற்றும் இடம், பெண்கள் ஒளு செய்யும் இடம் ஆகியவற்றில் எந்தக் காரணத்துக்காகவும் கேமரா வேண்டாம். எடுக்கப்படாத படம் ஒருபோதும் வெளியே போகாது. ஜமாஅத் அலுவலகங்களிலும் மதரஸாக்களிலும் பொறுப்பில் இருப்பவர்கள் ரவுட்டரை ஒருமுறை சோதித்து, கடவுச்சொல் யார் யாரிடம் இருக்கிறது என்பதை நிர்வாகக் குறிப்பில் பதிவு செய்துவைப்பது நல்லது.

கணக்குகளின் நகலை வாரம் ஒருமுறையாவது தனி ஹார்டு டிஸ்க்கில் எடுத்து, கணினியிலிருந்து கழற்றி வேறிடத்தில் வையுங்கள். இணைத்தே வைத்திருந்தால் தாக்குபவர் அதையும் பூட்டிவிடுவார். அப்படி ஏதாவது நடந்துவிட்டால் பதறிப் பணம் அனுப்பாதீர்கள். பணம் கொடுத்தால் கோப்பு திரும்பும் என்பதற்கு உத்தரவாதமில்லை. ரவுட்டரிலிருந்து கேபிளைக் கழற்றுங்கள். திரையைப் படம் எடுத்துக்கொண்டு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யுங்கள்.

தவக்கல் என்பது நம்மால் இயன்றதைச் செய்துவிட்டு அல்லாஹ்விடம் ஒப்படைப்பது. ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு அதைத் தவக்கல் என்று சொல்ல முடியாது. இன்று இஷாவுக்குப் பிறகு ஒரு மணி நேரம் ஒதுக்கி, வீட்டில் கணினி தெரிந்த மகனையோ மகளையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு போர்ட் ஃபார்வர்டிங் பட்டியலை மட்டுமாவது பாருங்கள். மற்றவற்றை ஒவ்வொன்றாகச் செய்துகொள்ளலாம், இன்ஷா அல்லாஹ்.

நம் தொழிலிலும் பொருளிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! நம் குடும்பங்களின் மானத்தையும் மக்கள் நம்மிடம் ஒப்படைத்த அமானிதங்களையும் அவன் பாதுகாப்பானாக! ஆமீன்.